நீங்கள் அனுப்பிய அந்தரங்கச் செய்தியைப் பெற்றவர் பொதுவில் போட்டுவிட்டாரா? சட்டம் என்ன சொல்கிறது, படிப்படியாக என்ன செய்வது: முழுமையான வழிகாட்டி

அலுவலகத்தோழி ஒருவரிடம் இருபதாயிரம் ரூபாய் கடன் வாங்கிய பெண், "அடுத்த மாதம் கட்டாயம் தந்துவிடுகிறேன், வீட்டில் தெரிய வேண்டாம், மாமியார் ஆஸ்பத்திரிச் செலவு" என்று வாட்ஸ்ஆப்பில் எழுதுகிறார். பணம் தாமதமாகிறது. ஒருநாள் காலை அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் 140 பேர் இருக்கும் குடியிருப்போர் குழுவில் வந்து விழுகிறது. இது நான் கற்பனையாகச் சொல்லும் உதாரணம்தான். ஆனால் இதே அச்சில் வார்த்த சம்பவங்கள் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் நடந்துகொண்டிருக்கின்றன.

இப்படிச் சிக்கியவர்களுக்கு முதலில் தோன்றுவது இரண்டில் ஒன்று. "அனுமதியில்லாமல் போட்டது குற்றம், உள்ளே தள்ளிவிடலாம்" என்று சிலர் கொதிக்கிறார்கள். "நாமே எழுதிக் கொடுத்தது, இனி என்ன செய்ய முடியும்" என்று பலர் ஒடுங்கிப்போகிறார்கள். இரண்டும் தவறு. பெற்ற செய்தியை வெளியிடுவது குற்றம் என்று நேராகச் சொல்லும் தனிப் பிரிவு இந்தியச் சட்டத்தில் கிடையாது. அதே சமயம் பதிப்புரிமை, அந்தரங்க உரிமை, அவதூறு, தகவல் தொழில்நுட்பச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) என்று பல கதவுகள் இருக்கின்றன. எந்தச் செய்திக்கு எந்தக் கதவு என்று தெரியாமல் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடையாய் நடப்பதில்தான் பாதிக்கப்பட்டவர்களின் காலமும் காசும் போகின்றன.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பெற்றவர் செய்தியை வைத்துக்கொள்ளலாம். தன்னைக் காத்துக்கொள்வதற்காகக் காவல்துறை, நீதிமன்றம், நிறுவனத்தின் விசாரணைக் குழு போன்ற உரிய இடத்தில் காட்டலாம். ஊருக்கே விரித்துக் காட்டும் உரிமை மட்டும், செய்தி கைக்கு வந்ததாலேயே வந்துவிடாது.

இந்தப் பாகுபாடு பழையது. 1741-இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர், தன் கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர்மீது வழக்குத் தொடர்ந்தார். கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தமாகலாம், அதை ஊரறிய வெளியிடும் உரிமை அதனுடன் சேர்ந்து போவதில்லை என்று ஹார்ட்விக் பிரபு தீர்ப்பளித்தார். அந்தக் கொள்கை தாள் திரையாக மாறிய பிறகும் நிற்கிறது.

முதல் படி: கோபம் வேண்டாம், சான்றைப் பத்திரப்படுத்துங்கள்

பதிவைப் பார்த்தவுடன் போட்டவரை அழைத்துச் சண்டை போடுவதுதான் எல்லோரும் செய்வது. அவர் பயந்து அழித்துவிட்டால், பார்த்தவர்கள் பார்த்ததுதான். உங்களிடம் மட்டும் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே, முதல் அரை மணி நேரத்தைச் சான்றுக்கு ஒதுக்குங்கள்.

பதிவை முழுத் திரையாகப் படம் பிடியுங்கள். போட்டவரின் பெயர், கணக்கின் அடையாளப் பெயர், தேதி, நேரம், எத்தனை பேர் பார்த்தார்கள் அல்லது பகிர்ந்தார்கள் என்பது எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். பொதுத்தளப் பதிவு என்றால் அதன் இணைய முகவரியைத் தனியே நகலெடுத்து வையுங்கள். புகாரில் கேட்கப்படும் முதல் விவரம் அதுதான். வாட்ஸ்ஆப் குழு என்றால் குழுவின் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, போட்டவரின் எண் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். மேலிருந்து கீழே உருட்டிக் காட்டும் திரைப்பதிவுக் காணொளி இன்னும் நல்லது. வெட்டி ஒட்டிய படம் என்று பிறகு யாரும் எளிதில் சொல்ல முடியாது.

அடுத்து, உங்கள் கைப்பேசியிலுள்ள மூல உரையாடலைத் தொடாதீர்கள். அவமானத்தில் உரையாடலையே அழித்துவிடுபவர்கள் உண்டு. எதிர்த்தரப்பு பத்துச் செய்திகளில் இரண்டை மட்டும் வெட்டிப் போட்டிருந்தால், மீதி எட்டும் உங்கள் கைப்பேசியில்தான் இருக்கின்றன. கடன் உதாரணத்தில், "பாதிப் பணம் இன்று அனுப்பிவிட்டேன்" என்ற செய்தியும் "சரி, மீதியை மெதுவாகக் கொடு" என்ற பதிலும் வெட்டப்பட்டிருந்தால், வழக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டின் ஓரத்தில் தெரியும் நேரங்களைப் பாருங்கள். காலை 10.12 மணிச் செய்திக்கு அடுத்து மாலை 4.40 மணிச் செய்தி ஒட்டி நின்றால், நடுவில் இருந்தது என்ன என்ற கேள்வியை நீங்கள் எழுப்பலாம்.

நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குத் தனி முறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, அச்சிட்ட ஸ்கிரீன்ஷாட்டுடன் சான்றிதழ் ஒன்றை இணைக்க வேண்டும். அதில் முதல் பகுதியைக் கருவியைக் கையாள்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெறும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதியாகச் சொன்னது. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் கொடுத்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே, அந்தக் கைப்பேசியை விற்பதோ மாற்றிக்கொள்வதோ இப்போதைக்கு வேண்டாம்.

இதில் ஒரு விதிவிலக்கை மறக்கவே கூடாது. வெளியானது 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படம் என்றால் நகலெடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு அதைப் பதிவிறக்குவதையும் பரிமாறுவதையும் குற்றமாக்குகிறது. "ஆதாரத்துக்காக" உறவினர்களுக்கு அனுப்பினேன் என்பதெல்லாம் உங்களையே சிக்கலில் மாட்டிவிடும். இணைய முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு நேராகக் காவல்துறைக்குப் போங்கள்.

இரண்டாம் படி: நான்கு கேள்விகள்

கதவைத் தேர்ந்தெடுக்க இந்த நான்கு கேள்விகளுக்குத் தாளில் விடை எழுதிக்கொள்ளுங்கள். செய்தியை எழுதியது யார்? அதில் என்ன இருக்கிறது? அதை வெளியிட்டது பெற்றவரேதானா, அல்லது அவருடைய கைப்பேசியைத் திறந்து பார்த்த வேறொருவரா? யாரிடம் காட்டப்பட்டது?

மூன்றாவது கேள்வியைப் பலர் தவறவிடுகிறார்கள். உங்கள் நண்பர் வெளியிடவில்லை, அவருடைய கைப்பேசியை அனுமதியில்லாமல் திறந்த தம்பி எடுத்துப் போட்டார் என்றால், அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும் அத்துமீறல். மூன்று ஆண்டுவரை சிறையோ ஐந்து லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பெற்றவரே போட்டிருந்தால் இந்தப் பிரிவுகள் பொருந்தாது. அவர் தனக்கு வந்ததைத்தானே திறந்தார்.

வாட்ஸ்ஆப்பின் மறையாக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். "இருமுனை மறையாக்கம் இருக்கிறதே, பிறகு எப்படி வெளியானது" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பூட்டு செய்தி போகும் வழிக்குத்தான். வந்து சேர்ந்த இடத்தில் படம் பிடிப்பதை அது தடுக்காது. தானாக மறையும் செய்திகளும் அப்படித்தான். மறைவதற்குள் படம் எடுத்தவரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாம் படி: பதிப்புரிமை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

பதிப்புரிமை புத்தகம் எழுதுபவர்களுக்கானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எழுதியவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியவர் வாழும் காலமும், அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். மூன்று பக்கத்துக்கு உருக்கமாக எழுதிய மின்னஞ்சல், நீண்ட வாட்ஸ்ஆப் கடிதம், சொந்தக் கவிதை எல்லாமே உங்கள் படைப்பு. சுயமாக எடுத்த செல்ஃபியும் அப்படியே. அடுத்தவர் எடுத்த படம் பொதுவாக எடுத்தவருடையது. காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருடையது.

இதற்கு எல்லைகள் உண்டு. "சரி", "நாளை வருகிறேன்" போன்றவற்றுக்குப் பதிப்புரிமை எதிர்பார்க்க வேண்டாம். ஓரளவாவது படைப்புத்திறன் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது. நீங்கள் வேறெங்கிருந்தோ பெற்று அனுப்பிய செய்தியும் உங்களுடையது ஆகாது. எல்லாவற்றையும்விடப் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது. பதிப்புரிமை காப்பது வாசகத்தை, விஷயத்தை அல்ல. உங்கள் கடிதத்தை அப்படியே போடாமல், "அவள் கடன் வாங்கியிருக்கிறாள், மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம்" என்று சொந்த வார்த்தையில் ஒருவர் எழுதிவிட்டால் பதிப்புரிமையால் தடுக்க முடியாது. அங்கே அந்தரங்க உரிமைதான் துணை.

52-ஆம் பிரிவின் விதிவிலக்குகளையும் எதிர்த்தரப்பு எடுக்கும். விமர்சனம், நடப்புச் செய்தி, நீதிமன்ற நடவடிக்கை ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவது மீறல் ஆகாது.

அப்படியிருந்தும் இந்தக் கதவை ஏன் முதலில் சொல்கிறேன்? தளங்களிலிருந்து பதிவை எடுக்க வைக்க இதற்கு எழுதப்பட்ட நடைமுறை இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி, படைப்பின் விவரம், நீங்களே உரிமையாளர் என்பதற்கான ஆதாரம், பதிவு இருக்கும் இடம், அது 52-ஆம் பிரிவு விதிவிலக்கில் வராது என்ற விளக்கம் ஆகியவற்றோடு எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தளம் திருப்தியடைந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் வழக்குப் போட்டு நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்ற உறுதிமொழியையும் புகாரிலேயே தர வேண்டும். உத்தரவு வராவிட்டால் 21 நாளுக்குப் பிறகு பதிவு திரும்ப வரலாம். எனவே, வழக்குக்குத் தயாராகிக்கொண்டே புகாரை அனுப்புங்கள். வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே போட 62-ஆம் பிரிவு வழிசெய்கிறது. போட்டவர் டெல்லியில் இருக்கிறார் என்பதற்காக நீங்கள் ரயில் ஏற வேண்டியதில்லை.

தெரிந்தே மீறுவது 63-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபம் இல்லாதபோது நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, இதைக் காட்டி மிரட்டும் பழக்கம் பெருகியிருக்கிறது. குடும்பத் தகராறில் வெளியான நாலு வரி வாட்ஸ்ஆப் செய்திக்கு இந்தப் பிரிவை எடுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மேலும், ஆதாரமற்ற பதிப்புரிமை மிரட்டலுக்கு ஆளானவர் மிரட்டியவர்மீதே வழக்குப் போட 60-ஆம் பிரிவு இடம் தருகிறது.

நான்காம் படி: அந்தரங்க உரிமையும் நம்பிக்கை மீறலும்

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது எழுந்ததுதான் 1994-ஆம் ஆண்டின் ராஜகோபால் வழக்கு. ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது, வெளியிட்டால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. இரண்டு விலக்குகளையும் சேர்த்துச் சொன்னது: ஏற்கெனவே பொது ஆவணத்தில் இருப்பதற்கு இந்தத் தடை இல்லை. அரசு ஊழியர் தம் பணி சார்ந்த செயல்களுக்கு அந்தரங்கத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. ஆகவே, வட்டாட்சியர் அலுவலக ஊழியர் லஞ்சம் கேட்டு அனுப்பிய செய்தியை வெளியிட்டவர்மீது, "என் அந்தரங்கம்" என்று அவர் வழக்குப் போட்டால் நிற்காது.

அடிப்படை உரிமையைத் தனிநபருக்கு எதிராகக் கோர முடியுமா என்ற சந்தேகத்துக்கு, கௌஷல் கிஷோர் வழக்கில் 2023 ஜனவரியில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை "முடியும்" என்று விடை சொல்லியிருக்கிறது. நடைமுறையில் நீங்கள் போவது உரிமையியல் நீதிமன்றத்துக்கு. கேட்பது மூன்று: இனி வெளியிடக் கூடாது என்ற நிரந்தரத் தடை, வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடை, இழப்பீடு. இடைக்காலத் தடைக்கு விரைவு முக்கியம். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு "அவசரம்" என்று போனால் நீதிபதி அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.

இதன் உடன்பிறப்பு நம்பிக்கை மீறல். விஷயம் ரகசியத்தன்மை உடையதாக இருக்க வேண்டும், ரகசியம் காக்கும் கடமை புரியும் சூழலில் சொல்லப்பட்டிருக்க வேண்டும், அனுமதியின்றி வெளியிடப்பட்டிருக்க வேண்டும். கடன் உதாரணத்தில் "வீட்டில் தெரிய வேண்டாம்" என்ற மூன்று சொல் இரண்டாவது நிபந்தனைக்கு நல்ல சான்று. ஆகவே, இரகசியமாக ஒன்றை எழுதும்போது "இது நமக்குள் இருக்கட்டும்" என்று எழுதிவிடுங்கள், பெற்றவர் "சரி" என்று சொன்னால் இன்னும் நல்லது. மின்னஞ்சலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் நீண்ட எச்சரிக்கை வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். பெற்றவர் ஒப்புக்கொள்ளாத நிபந்தனை அவரைக் கட்டாது.

வழக்கறிஞரிடம் சொன்னதற்குத் தனிப் பாதுகாப்பு சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. மருத்துவருக்கும் தொழில்நெறிக் கட்டுப்பாடு உண்டு. இவர்கள் வெளியிட்டால் நீதிமன்றத்தோடு அவரவர் கவுன்சிலிலும் புகார் தரலாம்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் இங்கே எதிர்பார்க்கிறார்கள். தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நிறுவனங்களை நோக்கி எழுதப்பட்ட சட்டம் அது. பக்கத்து வீட்டுக்காரரோடு நடக்கும் சண்டைக்கு முதல் ஆயுதம் ஆகாது.

ஐந்தாம் படி: அவதூறு எப்போது பொருந்தும்

நீங்கள் எழுதியதை மாற்றாமல் முழுதாகப் போட்டால் பெரும்பாலும் அவதூறு ஆகாது. உங்கள் சொல்லே உங்களைப் பற்றிய பொய் ஆக முடியாதே. உரையாடலை வெட்டிப் பொருளைத் திருப்பினாலும், மேலே "மோசடிக்காரி, ஊரை ஏமாற்றுகிறாள்" என்று தலைப்பு வைத்தாலும் கதை வேறு. நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சாதாரணச் சிறை, அபராதம், சமூக சேவை ஆகியவை உண்டு. குற்றவியலில் உண்மை மட்டும் போதாது. உண்மையாகவும் பொதுநன்மைக்காகவும் இருந்தால்தான் விலக்கு. உரிமையியலில் உண்மை என்று நிறுவினாலே போதும்.

இங்கேதான் காவல் நிலையத்தில் பலர் ஏமாற்றமடைகிறார்கள். அவதூறுக்குக் காவல்துறை நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதியாது. நீங்களே குற்றவியல் நடுவர் மன்றத்தில் தனிப்புகார் கொடுக்க வேண்டும். இழப்பீட்டு வழக்குக்குக் காலக்கெடு வெளியான நாளிலிருந்து ஒரே ஆண்டு. சமரசப் பேச்சில் அந்த ஆண்டைத் தொலைத்துவிட வேண்டாம்.

செய்தியே போலியாக உருவாக்கப்பட்டது என்றால், புகழைக் கெடுக்கும் நோக்கில் மின்னணு ஆவணத்தைப் போலியாக்கியதற்கு 336-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு மூன்று ஆண்டுவரை தண்டனை தருகிறது. இதைக் காவல்துறையே விசாரிக்கலாம்.

உங்களிடமிருந்து நேரடியாகப் பெறாமல், வெளியானதைப் பகிர்ந்தவர்களையும் விட வேண்டியதில்லை. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பேஸ்புக் பதிவொன்றைப் பகிர்ந்த எஸ்.வி.சேகர் முன்ஜாமீன் கேட்டபோது, பகிர்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்தது. "எனக்கு வந்தது, தள்ளிவிட்டேன்" என்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். ஆனால், குழுவின் நிர்வாகியை அவர் நிர்வாகி என்பதற்காகவே சேர்த்து இழுப்பது வீண். உறுப்பினர் போட்டதற்கு நிர்வாகி பொறுப்பாக மாட்டார் என்று மும்பை, கேரள உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. நீக்கச் சொல்லிக் கேட்பதற்கு மட்டும் நிர்வாகியைப் பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: அந்தரங்கப் படம், மிரட்டல் என்றால் தாமதமே கூடாது

மேலே சொன்ன எல்லாம் நிதானமாகச் செய்யலாம். இதில் நிதானம் வேண்டாம்.

"எடுக்க நீ சம்மதித்தாயே" என்று கேட்பவர்களுக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, பெண் ஒருவர் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும் அதை மூன்றாம் நபருக்குக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை என்றால் கொடுப்பது குற்றம் என்று விளக்கமாகவே சொல்கிறது. முதல்முறை ஓராண்டு முதல் மூன்று ஆண்டு, மறுமுறை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவும், ஆபாசம் பரப்புதல் பற்றிய 67, 67-ஏ பிரிவுகளும் பொருந்தும். 67-ஏ பிரிவுக்கு முதல்முறையே ஐந்து ஆண்டுவரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் உண்டு. "பணம் கொடு, இல்லாவிட்டால் போட்டுவிடுவேன்" என்று சொல்லிப் பணம் பறித்தால் நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவு, மிரட்டினால் 351-ஆம் பிரிவு. மிரட்டலுக்குப் பணிந்து ஒருமுறை கொடுத்துவிட்டால் அடுத்த தொகை கேட்டு அவன் வருவான். கொடுக்காதீர்கள்.

புகாரைத் தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் இரவிலும் பதியலாம், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கு அதில் தனிப் பிரிவு இருக்கிறது. அவசரத்துக்கு 1930, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத்தபால் அனுப்புங்கள், அதற்கும் பயனில்லை என்றால் நடுவர் மன்றம்.

தளங்களும் விரைந்து செயல்பட வேண்டும். 2021-ஆம் ஆண்டு இடைநிலையாளர் விதிகளின்படி, அந்தரங்க உறுப்பு, நிர்வாணம், பாலியல் செயல், உருமாற்றிய படம் ஆகியவை பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் மற்றவரோ புகார் தந்தால், முன்பு 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டியிருந்தது; 2026 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் மனுவில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கே உத்தரவிட்டு இதை முடுக்கியது. "ஸ்டாப் என்சிஐஐ" என்ற இலவசச் சேவை, படத்தை உங்கள் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு அதன் எண் அடையாளத்தை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுத்துப் பதிவேற்றத்தைத் தடுக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு "டேக் இட் டவுன்" என்ற இதே போன்ற சேவை உண்டு.

ஏழாம் படி: தளத்தில் புகார், பிறகு மேல்முறையீடு

ஆபாசம் இல்லாத அந்தரங்க மீறலுக்கும் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் தரலாம். மற்றவரின் அந்தரங்கத்தில் தலையிடும் உள்ளடக்கம் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. "ரிப்போர்ட்" பொத்தானை அழுத்துவது போதாது. அலுவலருக்கு எழுத்தில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

எட்டாம் படி: போட்டவருக்கு நோட்டீஸ்

நீதிமன்றத்துக்குப் போகுமுன் ஒரு கடிதம் அனுப்புவது பல தகராறுகளை அங்கேயே முடித்துவிடுகிறது. வசை வேண்டாம், மிரட்டல் வேண்டாம். கடன் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

"நான் இந்தத் தேதிகளில் உங்களுக்கு மட்டும் தனிப்பட்ட முறையில் அனுப்பிய செய்திகளை, என் சம்மதமின்றி, இந்தத் தேதியில் இந்த நேரத்தில் இந்தக் குழுவில் வெளியிட்டிருக்கிறீர்கள். அவற்றில் என் குடும்பத்தாரின் உடல்நிலை பற்றிய விவரங்கள் உள்ளன. வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்று செய்தியிலேயே கேட்டிருக்கிறேன். நான் பாதித் தொகையைத் திருப்பிய செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. இக்கடிதம் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பதிவை நீக்கி, அதே குழுவில் முழு உண்மையைத் தெரிவித்து, இனி வெளியிடுவதில்லை என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். தவறினால் தடையாணையும் இழப்பீடும் கோரி நீதிமன்றத்தை நாடுவேன். மீதிக் கடனைத் திருப்பித் தரும் என் பொறுப்பை இக்கடிதம் மறுக்கவில்லை."

கடைசி வரியைக் கவனியுங்கள். கடன் வேறு, மானம் வேறு. கடனை மறுத்துவிட்டு அந்தரங்கத்தைக் கேட்டால் நடுவில் இருப்பவர்களின் ஆதரவும் போய்விடும். கடனுக்கு வழக்குப் போடும் உரிமை கொடுத்தவருக்கு முழுமையாக இருக்கிறது. அந்த வழக்கில் இதே ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாகக் காட்டவும் செய்யலாம். குடியிருப்போர் குழுதான் நீதிமன்றம் ஆகாது.

பெற்றவர் பக்கம் நிற்பவர்களுக்கு

இதுவரை அனுப்பியவர் பக்கமே பேசினேன். துன்புறுத்தும் செய்தியைப் பெற்றவருக்கு இந்தச் சட்டங்கள் வாய்ப்பூட்டு ஆகிவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஆபாசமாக எழுதிவிட்டு "என் செய்தியை வெளியிட்டால் வழக்கு" என்று மிரட்டும் ஆண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் காட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. பொதுவில் பேசுவதற்கும் நியாயம் உண்டு. பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பொதுவில் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணிமீது முன்னாள் மத்திய இணை அமைச்சர் எம்.ஜே.அக்பர் தொடர்ந்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தபோது, பெண் தன் குறையைத் தான் விரும்பும் மேடையில், பல ஆண்டுகள் கழித்தும் சொல்லலாம் என்றது.

வெளியிடத்தான் வேண்டும் என்றால் சில கவனங்கள். தொடர்பில்லாதவர்களின் பெயர், எண், படத்தை மறையுங்கள். பொருள் மாறும்படி வெட்டாதீர்கள். தேவையான பகுதிக்கு மேல் போடாதீர்கள். தலைப்பில் குற்றத்தீர்ப்பு எழுதாமல் நடந்ததைச் சொல்லுங்கள். அலுவலகத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்திருந்தால் பொதுவில் போடுவதை நிறுத்திக்கொள்ளுங்கள். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்கள், சாட்சிகளின் அடையாளத்தையும் பொதுமக்களுக்கோ ஊடகத்துக்கோ தெரிவிக்கத் தடை விதிக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட வேறொருவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் குற்றம்.

கணவன் மனைவி வழக்குகளில் நிலைமை அண்மையில் மாறியிருக்கிறது. மனைவியின் அழைப்பு விவரங்களை அவர் சம்மதமின்றிக் கணவர் எடுத்தால் சான்றாக ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் கூறியது. 2025 ஜூலை 14 அன்று விபோர் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், தம்பதியர் இடையிலான ரகசிய ஒலிப்பதிவை விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்றது. குடும்பநல நீதிமன்றத்தில் காட்டலாம் என்பதற்காக உறவினர் குழுவில் போடலாம் என்று யாரும் இதைப் படித்துவிட வேண்டாம். நீதிமன்றம் பேசியது சான்றைப் பற்றி.

செலவு பற்றிய தயக்கம் பலரை வீட்டிலேயே முடக்கிவிடுகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் வழி கேட்கலாம். போகும்போது மூலக் கைப்பேசி, ஸ்கிரீன்ஷாட்டுகளின் அச்சுப் பிரதி, தளத்துக்கு அனுப்பிய புகாரின் நகல், நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதிய ஒரு பக்கத் தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.